பழைய கல்லறைக்குப் பழைய சட்டம்

…அரை மணி நேரத்துல மாடு புடிச்சாந்துடறேம்மான்னு சொல்லிட்டுப் போனான். நல்லா புடிச்சாந்தான். ஒரு மணி நேரம் தாண்டிப் போச்சி. டாக்சிக்காரன் சொல்ற அரை மணியும் எங்க கோயில்பிள்ள அடிக்கிற மொத மணியும் ஒண்ணுதான், ரெண்டையும் நம்பி யாரும் பொடவ மாத்தக்கூடாது. நீ ஏம்பா நின்னுக்கிட்டே இருக்கற, இப்பிடி கீத்து நெழல்ல ஒக்காரு. இந்த மழக்காலத்துல உப்பு அம்பாரத்த யாரு தூக்கிக்கிட்டு ஓடப் போறாங்க. காவக்காரன்னா நின்னுக்கிட்டேதான் இருக்கணும்னு எவன் சொன்னான். பேரு என்னா சொன்ன… சக்கரபாணியா. இந்த உப்பளத்துக்குப் புதுசு போலருக்குது, நான் பாத்ததில்ல.

பாரு அந்தக் கார. அம்பாசடர். சேத்துல மூக்க வெச்சிக்கிட்டு எரும தூங்கற மாதிரி கெடக்குது. வரப்பு மேல ஏத்துன்னு நான் சொன்னேனா? சொன்னேன். சொல்லலன்னு சொல்லல. ஆனா டிரைவர் யாரு, அவனா நானா? பொம்பள சொன்னா ஏத்திடறதா? "வேணாம்மா, மழ பேஞ்ச வரப்பு, வண்டி தாங்காது"ன்னு ரெண்டு தடவ சொன்னான் கண்ணாயிரம். மூணாந்தடவ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். ரெண்டோட நிறுத்திட்டான். ஒரு ஆளுக்கு தன் தொழில் மேல நம்பிக்க இருந்தா மூணு தடவ சொல்ல வேணாமா?

எங்க போறதுக்கா? அதோ கால்வாய்க்கு அந்தாண்ட சவுக்கு தெரியுது பாரு, அதுக்குப் பின்னால நாலு செங்கல் கல்லறை இருக்குதாம். கப்பக்காரன் கல்லறைன்னு சொல்றாங்க. எந்தக் காலத்துலயோ ஏதோ கப்பல்ல காய்ச்சல் வந்து செத்தவங்கள எறக்கிப் பொதச்சிட்டுப் போனாங்களாம். இல்ல இல்ல, எனக்கு அவங்க யாரும் ஒறவு இல்ல. எங்க பரம்பரையில கப்பல் ஏறனவன் எவனும் கெடையாது, பரிசல்ல ஏறனாலே வாந்தி எடுக்கற கூட்டம். நான் போறது வேற காரியத்துக்கு.

நீ எங்க வேதத்து ஆளு இல்ல, ஒனக்குத் தெரியாது, சொல்றேன் கேளு. நாங்க செத்தா நேரா மோட்சத்துக்குப் போயிட மாட்டோம். கெட்டவன் நேரா நரகத்துக்குப் போயிடுவான், அவனுக்கு ஒரு தொல்லையும் இல்ல. நல்லவனுக்குத்தான் சுத்து வழி. நடுவுல உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்குது. கொஞ்ச நஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கற பாவத்துக்கெல்லாம் அங்க நெருப்புல கெடந்து சுத்தமாயிட்டுத்தான் மேல போவணும். எத்தினி வருசம்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆபீசுல மனு குடுத்துட்டு வராண்டாவுல குந்தியிருக்கமே, அந்த மாதிரி வெச்சிக்கயேன். உள்ள இருக்கறவனால ஒண்ணும் பண்ண முடியாது. வெளிய இருக்கற நாமதான் வேண்டிக்கணும். நவம்பர் மாசம் ஒண்ணாந்தேதிலேருந்து எட்டாந்தேதிக்குள்ள ஒரு கல்லறைக்குப் போயி, செத்தவங்களுக்காக வேண்டிக்கிட்டா, நீ நெனைக்கிற ஆத்துமா ஒண்ணு நேரா மேல போயிடும். பரிபூரண பலன்னு பேரு. கியூ கெடையாது, டோக்கன் கெடையாது.

இன்னிக்கி என்னா தேதி? எட்டு. பொழுது எங்க நிக்குது பாரு. சவுக்கு மேல ரெண்டு பன உசரம் இருக்குது. அது எறங்கிடுச்சின்னா அடுத்த நவம்பருதான். அதுக்குள்ள நான் இருப்பனோ இல்லியோ. எம் வூட்டுக்காரரு ஆத்துமா அங்க கெடக்குது, நான் இங்க ஒன் அம்பாரத்துக்குக் காவ காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறேன்.

முன்னெல்லாம் இவ்ளோ கஷ்டம் கெடையாதுப்பா. நான் பொண்ணா இருந்தப்ப ரெண்டாந்தேதி, ஆத்துமாக்கள் திருநாள் அன்னிக்கி கோயிலப் பாத்திருக்கணும் நீ. ஒவ்வொரு தடவ உள்ள போயி வேண்டிட்டு வெளிய வந்தா ஒரு ஆத்துமா. மறுபடி உள்ள போ, இன்னொண்ணு. எத்தினி தடவ வேணும்னாலும் போலாம். எங்கம்மா முன்வாசல்ல நொழைவா, பீடத்துக்கிட்ட மண்டி போடுவா, ஆறு பரலோகமந்திரம், ஆறு அருள்நிறைந்த மந்திரம், பக்கவாசல்ல வெளிய வருவா, முந்தானையால மொகத்தத் தொடச்சிக்கிட்டு மறுபடி முன்வாசலு. ஊரே அப்பிடித்தான் சுத்தும். செக்கு மாடு தோத்துப்போவும். சாயங்காலத்துக்குள்ள எங்கம்மா நாப்பது பேர மேல ஏத்திட்டா. சொந்தத்துல ஆளு தீந்துபோயி பக்கத்தூருக்காரங்களுக்கெல்லாம் குடுத்தா. அவங்களுக்குத் தெரியாது, இவளாலதான் போனோம்னு.

அப்பறம் ரோமாபுரியில என்னா நெனச்சாங்களோ, ஏழெட்டு வருசத்துக்கு முன்னால எல்லாத்தையும் மாத்திட்டாங்க. பீடத்தத் திருப்பிப் போட்டாங்க. பூசைய தமிழ்ல ஆக்கனாங்க. அத நான் ஒண்ணும் சொல்லல, லத்தீனுல இருந்தவரைக்கும் சாமியாரு நம்மள வாழ்த்தறாரா வையறாரான்னு தெரியாமத்தான் மண்டி போட்டோம். ஆனா ஆத்துமாவுல கைய வெச்சாங்க பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. ஒரு நாளைக்கு ஒண்ணுதானாம். ரேசன் கடையில சக்கர குடுக்கற மாதிரி. ஊர்லதான் எமர்ஜென்சின்னா கோயில்லயும் எமர்ஜென்சி. என்னா, மெதுவா பேசறதா? இந்தப் பாத்தியில யாரு கேக்கப் போறாங்க, கொக்கா?

எங்க ஊரு சின்னச் சாமியாரு இருக்கறாரு, நல்ல புள்ளதான், மீசகூட சரியா மொளைக்கல. அவருகிட்ட போயி கேட்டேன். சாமி, ஒரு நாளைக்கி ஒண்ணுதான்னா எட்டு நாளைக்கி எட்டு. எங்க வூட்டுல செத்தவங்க எத்தினி பேரு தெரியுமா, இந்தக் கணக்குல போனா நான் நூறு வயசு இருக்கணும். "பாட்டி, கடவுளுக்குக் கணக்கு கெடையாது"ன்னு சிரிக்கிறாரு. கணக்கு இல்லன்னா ஒண்ணுன்னு எதுக்குச் சொல்றீங்க? மறுபடி சிரிப்பு. அதுவும் எனக்கு அம்பத்தாறு வயசு, பாட்டியாம்.

அன்னிக்கி வூட்டுக்கு வந்து யோசிச்சேன். நல்லா யோசிச்சேன். சட்டம் எப்ப மாறிச்சி? இப்பத்தானே. அதுக்கு முன்னால செத்துப் பொதைச்சவங்க எந்தச் சட்டத்துல செத்தாங்க? பழைய சட்டத்துல. அப்ப அவங்க கல்லறைக்கு எந்தச் சட்டம்? நீயே சொல்லு. குத்தகைக்கு வுட்ட நெலம் மாதிரிதான, எழுதன அன்னிக்கி என்னா பேசனமோ அதான். புதுக் கல்லறையில ஒரு நாளைக்கி ஒண்ணு. பழைய கல்லறையில போவப் போவ ஒண்ணு. ஆனா எங்க ஊருல எல்லாம் புதுசு, புயல்ல பழசு பூராவும் அடிச்சிக்கிட்டுப் போயி மறுபடி கட்டனது. அதான் டாக்சி. பழைய கோயிலு, பழைய கல்லறை, வெள்ளைக்காரன், டச்சுக்காரன், எவன் பொதச்சிருந்தாலும் சரி, பழசா இருக்கணும்.

மொத ஆறு நாளும் மழ. நேத்து காத்தாலதான் கெளம்பனோம். பாண்டிச்சேரிக்கு வண்டிய வுட்டான் கண்ணாயிரம். வழியெல்லாம் தொணதொணப்பு, ஆரோவில்லுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம்மா, வெள்ளைக்காரங்க கோமணம் கட்டிக்கிட்டு செம்மண்ணுல மரம் நடறாங்கன்னு. எனக்கு செத்த வெள்ளைக்காரன் போதும்பா, உசுரோட இருக்கறவன அப்பறம் பாத்துக்கலாம்னுட்டேன்.

பாண்டியில மொதல்ல கோயிலு. கோயில்ல நொழைஞ்சி வர்ற பழைய கணக்கு ரெண்டாந்தேதியோட முடிஞ்சிதான் போச்சி, இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு பெரிய கோயில்ல ஏழு தடவ உள்ள போயி வெளிய வந்தேன். ஏழாந்தடவ வரும்போது அந்தக் கோயில்பிள்ள ஓடியாந்து, "அம்மா, செருப்பக் காணமா?"ன்றான். ஆமாப்பா, எங்கம்மா செருப்பு நாப்பது வருசத்துக்கு முன்னால இங்க வுட்டது, தேடிக்கிட்டிருக்கறேன்னு சொன்னேன். போயிட்டான்.

பாவசங்கீர்த்தனம் பண்ணாம பலன் கெடைக்காது, அது எந்தச் சட்டத்துலயும் அப்பிடித்தான். அங்க ஒரு வயசான பிரெஞ்சு சாமியாரு இருக்கறாரு. காது மந்தம். அவருகிட்டத்தான் போனேன். கோவம், பொறாம, கோயில்ல தூங்கனது, எல்லாம் சொன்னேன். கோழி திருடனதும் சொன்னேன். கோழி கதைய அப்பறம் சொல்றேன். எல்லாத்தையும் கேட்டுட்டு மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லும்மான்னுட்டாரு. அவரு என்னாத்தக் கேட்டாரோ.

அப்பறம் பழைய கல்லறைங்க. ஒரே நாள்ல மூணு. எத்தினி எத்தினி கல்லு, எத்தினி றெக்க வெச்ச சம்மனசு, ஒரு பொம்ம சம்மனசுக்கு மூக்கே இல்ல. மொத கல்லறையில எங்கப்பாவுக்கு வேண்டனேன். சாராயம் குடிச்சிட்டு ஊர எழுப்பற மனுசன், அவருக்கு முப்பது வருசமா பத்தலன்னா என்னா அர்த்தம். ரெண்டாவதுல எங்கம்மா. அவ எப்பவோ போயிருப்பா, இருந்தாலும். மூணாவதுல எம் மாமியா. ஆமாம்பா, மாமியாதான். சாவற வரைக்கும் எனக்கு ஒரு வெரல்கட எண்ணெகூட அளந்து குடுத்தவ. அவளுக்கும் குடுத்தேன். மேல போயி தெரிஞ்சிக்கட்டும், நான் எப்பிடிப்பட்டவன்னு.

இன்னிக்கி விடியக்காலம் கெளம்பி மதுராந்தகம் சுத்திக்கிட்டு சதுரங்கப்பட்டினம். கோட்டைக்குள்ள டச்சுக்காரன் கல்லறை. அதுல வேண்டனது சந்தனமேரிக்கு. எங்க பக்கத்து வூட்டுக்காரி. அவ கோழி ஒண்ணு தெனமும் வந்து எங்க வூட்டுல மொட்ட வெக்கும். ஒரு நாளு மொட்ட வெக்கல. கொழம்பு வெச்சிட்டேன். அவ தெருத் தெருவா கூப்புட்டுக்கிட்டுப் போறா, நானும் கூடப் போயி தேடனேன், வாயில ஏப்பம் வருது. அவ செத்து பதினஞ்சி வருசம் ஆச்சி. அந்தக் கோழிக்காக அவளுக்கு ஒண்ணு குடுத்துட்டேன், கணக்கு தீந்துபோச்சி.

அங்க ஒரு வாத்தியாரு புள்ளைங்கள கூட்டியாந்து காட்டிக்கிட்டிருந்தாரு. நான் மண்டி போட்டிருக்கறதப் பாத்துட்டு, "அம்மா, இவங்கல்லாம் பிராட்டஸ்டண்டு. இவங்க உத்தரிக்கிற ஸ்தலத்தையே நம்பறதில்ல"ன்றாரு. பாதி எழுந்துட்டேன். அப்பறம் யோசிச்சேன். நான் என்னா அவங்களுக்கா வேண்டனேன்? எடம்தான் அவங்களுது. ஆளு நம்மாளு. கலியாணத்துக்கு அடுத்த வூட்டு பந்தல வாங்கிப் போட்டுக்கறதில்லியா.

ஆனா ஒரு கல்லு பாத்தேன் அங்க. அந்த வாத்தியாருதான் படிச்சிச் சொன்னாரு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேரும் ஒரே கல்லுல செதுக்கியிருந்துச்சி. அவ மொதல்ல போயிட்டாளாம், அவன் பதினெட்டு வருசம் கழிச்சி. வேற எடம் எவ்ளோ இருக்குது, அவகூடவே போயி படுத்துக்கிட்டான். ஒரே கல்லுக்கு அடியில. அதப் பாத்த அப்பறம் எனக்கு அங்க நிக்கப் புடிக்கல. வண்டிய எடுடான்னுட்டேன்.

இல்ல, இன்னும் அவருக்குப் பண்ணல. எம் வூட்டுக்காரருக்கு. அதத்தான சொல்றேன், இந்தக் கப்பக்காரன் கல்லறை அவருக்காக வெச்சிருந்தது. கடேசியா. ஏன் கடேசின்னா… அவரு பொறுமசாலிப்பா. எங்கப்பாவுக்கு ரெண்டு நிமிசம் காக்கத் தெரியாது, எம் மாமியாளுக்கு ஒரு நிமிசம் காக்கத் தெரியாது. இவரு காத்திருப்பாரு. கோயில்ல பந்தி போட்டா கடேசி எலையில குந்தற மனுசன்.

தெரியுமா ஒனக்கு அவர? சிலுவமுத்து, உப்பள மேஸ்திரி. ஆங்… அந்த மேஸ்திரிதான். நல்ல மனுசன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஊருக்கு நல்ல மனுசன்கூட வூட்டுல குடித்தனம் பண்ணிப் பாக்கணும். அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. சண்ட போடலாம்னா எதுத்தாப்புல ஆளு வேணுமா இல்லியா? நான் ஒரு மணி நேரம் கத்திட்டு மூச்சு வாங்க நிறுத்தனா, "முடிஞ்சிதா ஆனந்தா, சோறு போடு"ம்பாரு. இப்பிடி முப்பத்தஞ்சி வருசம். "ஒன் வாய்க்கு ஒரு நாளு லீவு குடேன்"னு கேலி பண்ணுவாரு.

எங்க பொதச்சிருக்குதா? அதோ. அந்த வெள்ளைக் கோபுரம் தெரியுதில்ல, அதான் எங்க ஊரு கோயிலு, அதுக்குப் பின்னாலதான் கல்லறைத் தோட்டம். இந்த வரப்புலயே நேரா நடந்தா கால் மணி நேரம். தெரியும்பா, கிட்டத்துலதான் இருக்குது. அது புதுக் கல்லறை, ஒரு நாளைக்கி ஒண்ணுதான்னு சொன்னனே. ஒண்ணு போதுமேன்றியா. நீ என்னா, காவக்காரனா வக்கீலா?

அங்க போவ முடியாது என்னால. அங்க அவ இருப்பா. சவரியம்மா. எங்க நாத்தனாரு. புருசன் இல்லாதவ, கல்யாணமான நாள்லேருந்து எங்க வூட்டுலதான் அவ. இந்த எட்டு நாளும் சாயங்காலம் ஆனா மெழுகுத்திரிய எடுத்துக்கிட்டு அண்ணங்கிட்ட போயிடறா. நான் வூட்டுல இருந்தா அவ கல்லறையில, அவ வூட்டுல இருந்தா நான் தெருவுல. மே மாசத்துலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அவ பேச வர்றா, நான்தான் போயிடறேன்.

சரி, கேளு. எவங்கிட்டயாவது சொல்லித்தான ஆவணும். ஏப்ரல்ல மஞ்சக்காமால வந்து படுத்தாரு. தேறாதுன்னு அவருக்கே தெரிஞ்சிபோச்சி. ஒரு நாளு கோயில் பெரியவரையும் தங்கச்சியையும் பக்கத்துல கூப்புட்டாரு. நான் அடுப்பங்கரையில இருக்கறேன். "என்னைப் பொதைக்கிற எடத்துக்கு எடது பக்கம் சவரியம்மாளுக்கு வுட்டுடுங்க"ன்றாரு. காதுல வுழுந்துச்சி. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிபோச்சி சக்கரபாணி. முப்பத்தஞ்சி வருசம் நடுவுல குந்தியிருந்தா அவ, பாயிலதான் படுக்கல. செத்தும் அவதான் பக்கத்துலயா? நான் எங்க போவறது, வேலிக்கு வெளியவா? கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு பின்கதவால வெளிய போயிட்டேன்.

அன்னிக்கி நிறுத்தனதுதான். பேச்ச. நான் பேசறத நிறுத்துவன்னு நீ நம்புவியா? நம்ப மாட்ட. ஊருல ஒருத்தரும் நம்பல. திட்டனா அவருக்கு வலிக்காதுன்னு எனக்குத் தெரியும், முப்பத்தஞ்சி வருசம் திட்டிப் பாத்துட்டேன். அவருக்கு வலிக்கிற மாதிரி எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். பதினோரு நாளு. கஞ்சி குடுத்தேன், கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தேன், துணி மாத்தனேன், தூக்கி ஒக்கார வெச்சேன். வாயத் தொறக்கல. "ஆனந்தா, அந்த எடத்தப் பத்தி"ன்னு ஆரம்பிப்பாரு, நான் பாத்திரத்த உருட்டுவேன். "என்னையாவது திட்டு"ன்னாரு ஒரு நாளு. செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சப்பத்தான் சவரியம்மா என்ன வழியில மறிச்சி சொன்னா. "அண்ணி, நீ பாதியில எழுந்து போயிட்ட. எடது பக்கம் சவரியம்மாளுக்கு, வலது பக்கம் ஆனந்தாவுக்கு, அவ வலப்பக்கம்தான் தூங்குவான்னு சொன்னாரு அண்ணன்"னா. நடுவுல அவராம். ரெண்டு பக்கமும் நாங்க ரெண்டு பேராம். செத்தப்பறமும் அந்த மனுசனுக்கு நிம்மதியா படுக்கத் தெரியல பாரு.

கோழிய சொன்னேன் அந்த சாமியாருகிட்ட. இத சொல்லல. காது மந்தமா இருந்தாலும் சொல்ல வரல. ஒரு பாவத்த மறச்சாலும் பாவசங்கீர்த்தனம் பாழுதான். அப்ப எந்தக் கல்லறைக்கிப் போனா என்னா, பழசா இருந்தா என்னா, ஒண்ணும் செல்லாது. எங்கப்பாவும் போயிருக்க மாட்டாரு, சந்தனமேரியும் போயிருக்க மாட்டா. எனக்குத் தெரியும்பா. டாக்சி ஏறும்போதே தெரியும். அவருகிட்ட போறதுக்கு பதிலு எங்கியாவது போவணும், அவ்ளோதான்.

பன்னண்டாம் நாளு மத்தியானம். வெயிலு அப்பிடி அடிக்குது. அவரு உள்ள படுத்திருக்கறாரு, வெளிய பாக்க முடியாது. நான் வாசப்படியில நிக்கறேன். "ஆனந்தா"ன்னாரு. "மேகம் கட்டுதா பாரும்மா. வாரிப் போட்ட உப்பு வரப்பு மேல அப்பிடியே கெடக்குது, இன்னும் கீத்து மூடல பசங்க." ஒனக்குத் தெரியும், அந்த மாசத்துல ஒரு மழ வந்தா என்னா ஆவும்னு. கண்ணு ரெண்டும் மஞ்சளா, எம் மொகத்தையே பாக்கறாரு. எனக்கு வானம் பூராவும் தெரியுது. ஒரு வார்த்த. "இல்ல"ன்னா முடிஞ்சிது. பதினோரு நாளு இருந்துட்டோம், இவரு எடத்தப் பத்தி மன்னிப்பு கேக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு கொடத்த எடுத்துக்கிட்டு கெணத்துக்குப் போயிட்டேன்.

வந்து பாத்தா மொகம் வாசப்பக்கம் திரும்பியிருந்துச்சி. கண்ணு தொறந்திருந்துச்சி.

அழுவலப்பா. உப்புக் காத்து. நீ ஏன் தலையக் குனிஞ்சிக்கிட்ட.

அதோ பாரு, வர்றான் கண்ணாயிரம். ரெண்டு மாடு, கயிறு, பின்னால நாலு பேரு வேடிக்க பாக்க. ஒன்னத்தான் கைய ஆட்டிக் கூப்புடறான். போ, போயி கயித்தப் புடி. ஒனக்கும் எங்கிட்டேருந்து தப்பிச்சிக்க ஒரு வழி கெடச்சிது. ஒங்கிட்ட சொன்னது பாவசங்கீர்த்தனத்துல சேராது, நீ சாமியாரு இல்ல, இருந்தாலும் நல்லா கேட்ட. வண்டி வெளிய வந்தா அவன வூட்டுக்குப் போவச் சொல்லு. கப்பக்காரனுக்கு வேற யாராவது வேண்டிக்கட்டும்.

நான் இப்பிடியே வரப்புல நடந்து போறேன். பொழுது இருக்குது. சவரியம்மா இருந்தா இருக்கட்டும், அவ எடது பக்கம் நிக்கட்டும், நான் வலது பக்கம் நிக்கறேன். பலன் கெடைக்குமோ கெடைக்காதோ, அத சாமியாருங்க பேசிக்கட்டும். அங்க போயி நின்னா வாயடைச்சிப் போயிடுவேன், எனக்குத் தெரியும் என்னப் பத்தி. அதனால வழியிலயே சொல்லிப் பாத்துக்கறேன். நீ போப்பா, போ, இது ஒனக்கு இல்ல.

ஏங்க… நான்தான், ஆனந்தா. அன்னிக்கி கேட்டீங்களே. மேகம் இல்லீங்க. தெக்கால ஒரு துண்டு இருந்துச்சி, அதுவும் கடலுக்குப் போயிடுச்சி. உப்பு ஒண்ணும் நனையலீங்க.